மீசை தெரியாத தில்லு முல்லு: கந்தோர்ப் பகிடியும் வீட்டுக் கொப்பியும்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வீடியோ கசெட் கிடக்கிறது. அதன் முதுகில் நீல மையால் அப்பாவின் எழுத்து: ‘தில்லு முல்லு – அழிக்க வேண்டாம்’. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட உள்ள வீடு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கசெட்டுக்குப் பக்கத்தில் அதே படத்தின் விசிடி. அதற்குக் கீழே, மூன்று படங்களை ஒரே தட்டில் அடைத்து விற்ற டிவிடி ஒன்று. ஆக, ஒரே படத்தை எங்கள் வீடு மூன்று தரம் வாங்கியிருக்கிறது. மூன்றையும் நான் பார்த்தேன். மூன்றிலும் அப்பா விழுந்து விழுந்து சிரித்த பல இடங்களில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அப்பா கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். லீவு கேட்கப் பொய் சொல்வது, மேலதிகாரிக்குப் பிடித்தமான முகத்தை மாட்டிக்கொள்வது எல்லாம் அவர் அறிந்த உலகம். அதனால்தான் சிரிக்கிறார், எனக்கு அந்த அனுபவம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் அதுவல்ல. 1981 இல் சென்னைக்கு ஓர் அலுவலாகப் போனபோது அவர் அந்தப் படத்தைத் தியேட்டரில், பெரிய திரையில் பார்த்திருக்கிறார். வீட்டுத் திரையில் இல்லாததையெல்லாம் அவருடைய ஞாபகம் போட்டு நிரப்பிக்கொண்டது. எனக்கு நிரப்ப எதுவும் இருக்கவில்லை. நான் பார்த்தது கொப்பியை மட்டும்.

கொழும்பில் தமிழ்ப் படங்களை வீட்டில் பார்த்து வளர்ந்த பலரும் இப்படித்தான் ஒரு படத்தை ‘சுமார்’ என்று முடிவு கட்டியிருப்பார்கள். சண்டைப் படமோ அழுகைப் படமோ மோசமான கொப்பியிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கந்தோர்ப் பகிடி தாக்குப்பிடிக்காது. ஏன் என்பதைப் படத்தின் கதையிலிருந்தே பார்க்கலாம்.

‘தில்லு முல்லு’ 1981 இல் கே. பாலசந்தர் இயக்கி, கலாகேந்திரா நிறுவனம் தயாரித்து வந்த படம். இந்தியில் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கி 1979 இல் வெளிவந்த ‘கோல்மால்’தான் மூலம். அதில் அமோல் பாலேகரும் உத்பல் தத்தும் நடித்த இடத்தில் தமிழில் ரஜினிகாந்தும் தேங்காய் சீனிவாசனும். வசனம் விசு, இசை எம்.எஸ். விஸ்வநாதன். அதுவரை பெரும்பாலும் கோபக்கார வேடங்களில் பார்த்த ரஜினியை முழுநீள நகைச்சுவையில் நிறுத்திய படம் இது. கதையின் அச்சு ஒரு மீசை. பழமையில் ஊறிய முதலாளியிடம் வேலை கேட்டுப் போகும் இளைஞன், அவருக்குப் பிடித்த மாதிரி அடக்கமான, விளையாட்டே தெரியாத பிள்ளையாக நடித்து வேலையை வாங்கிவிடுகிறான். பிறகு பொய் சொல்லிவிட்டுக் கால்பந்து மேட்ச் பார்க்கப் போய் முதலாளியின் கண்ணில் படுகிறான். தப்ப வழியில்லாமல், அது என் இரட்டைச் சகோதரன் என்கிறான். மீசை வைத்தவன் இந்திரன், மீசை இல்லாதவன் சந்திரன். அதன் பிறகு முழுப் படமும் மூக்குக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னக் கறுப்புக் கோட்டில்தான் தொங்குகிறது.

சண்டைக் காட்சியில் விழுகிற அடி திரை முழுக்கத் தெரியும். பாட்டுக் காட்சியின் நிறமும் அப்படித்தான். கந்தோர்ப் பகிடி நடக்கிற இடம் வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணைத் தாழ்த்துகிற விதம், பதிலுக்கு முன் விழுகிற அரை விநாடி மௌனம், ‘சேர்’ என்று சொல்லும் குரலில் இருக்கிற பாதிப் பயம் பாதிப் பாவனை. எல்லாமே சின்னச் சமாச்சாரம். பெரும்பாலும் முகத்தை அருகே காட்டாமல் இருவரையும் மேசையையும் சேர்த்துக் காட்டுகிற நடுத்தரச் சட்டத்தில் நடப்பவை. ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் என்ன செய்கிறது என்பதில்தான் சிரிப்பு. கொப்பி எடுக்கும்போது முதலில் தொலைவதும் அதுதான்.

இனி கசெட்டுக்கு வருவோம். இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாஹினி 1982 இலும் தொடங்கின. அதே ஆண்டுகளில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களில் வீடியோ கசெட்டை ஓட்டவும் பதியவும் உதவும் ‘டெக்’ முக்கியமானது. விஎச்எஸ் நாடாவில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிகின்றன. வெளிச்சத்தின் விவரம் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடுகளளவுக்குத்தான் வரும். நிறத்தின் விவரம் அதிலும் ஒரு சிறு பங்கு. அதனால்தான் சிவப்புப் பொட்டு நெற்றியில் நிற்காமல் பக்கத்துக்கு வழியும், சேலைக் கரை சுவரில் கசியும். இது முதல் கொப்பியில். எங்கள் கைக்கு வந்தது கொப்பியின் கொப்பியின் கொப்பி. ஒவ்வொரு தரமும் டெக்கிலிருந்து டெக்குக்கு மாற்றும்போது ஓரங்கள் இன்னும் மழுங்கும், இருட்டான இடங்களில் மணல் பறக்கிற மாதிரி இரைச்சல் கூடும். ஒரு முகத்தின் பாவம் என்பது கண்ணோரம், உதட்டோரம் என்று ஓரங்களால் ஆனதுதானே. ஓரம் போனால் பாவமும் போய்விடும்.

குரலின் கதி இதைவிட மோசம். சாதாரண டெக்கில் ஒலி நாடாவின் விளிம்பில் ஒரு மெல்லிய தடத்தில் பதியும். பாட்டுக் கசெட் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறையில் விஎச்எஸ் நாடா விநாடிக்கு 2.34 சென்ரிமீற்றர்தான் ஓடும், அதாவது பாதியிலும் குறைவு. இரண்டு படங்களை ஒரே நாடாவில் திணிக்க ‘எல்பி’ என்ற மெதுவான வேகத்தில் பதிந்தால் அதுவும் பாதியாகிவிடும். வேகம் குறையக் குறைய மேல் அலைவரிசைகள் உதிரும். ச, ஸ, ஷ ஒலிகளின் கூர்மை போய்விடும், சொல்லின் முடிவு விழுங்கப்படும். விசுவின் வசனமோ கேள்வியின் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பி அடிக்கிற வகை. கடைசிச் சொல் கேட்காவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்?

கொழும்பில் இதை நாங்கள் நன்றாகவே அறிவோம். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடத்திய நகைச்சுவைத் தொடர் 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற படமானது. மரிக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ், ஐயரின் பிராமணத் தமிழ் என்று நாலு பேரின் நாலு பேச்சு. பகிடி முழுவதும் உச்சரிப்பில். வானொலியில் அது தெளிவாகக் கேட்டது, அதனால் ஊரே சிரித்தது. இப்படியான படத்தை மழுங்கிய ஒலியில் போட்டால் நாலு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பேச்சு வழக்கை நம்பிய பகிடிக்கு ஒலிதான் முகம். தமிழ்ப் படங்களுக்குப் பிரதி எடுக்கும்போது எல்லோரும் படத்தையே பார்க்கிறார்கள், ஒலியைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பிறகு வந்தது விசிடி. 1993 இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவம் அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை, ஆசியாவில்தான் வீடு வீடாகப் போனது. கொழும்புக் காலி வீதிக் கடைகளில் பொலித்தீன் உறையில், அச்சு மங்கிய அட்டையோடு கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரு தட்டில் 74 நிமிடம் பிடிக்கும், கொஞ்சம் நீட்டினால் 80. ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, சிலவற்றுக்கு மூன்று. தட்டு முடிகிற இடத்தில் காட்சி பாதியில் அறும். பகிடியின் முதல் பாதி இந்தத் தட்டில், முத்தாய்ப்பு அடுத்த தட்டில். எழும்பிப் போய்த் தட்டை மாற்றி வந்து உட்கார்ந்து பார்த்தால் அது பகிடியாக இராது.

விசிடியில் படத்தின் அளவு பால் முறையில் 352க்கு 288 பிக்சல். இந்த எண்ணை மீசைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு மனிதன் தலை முதல் கால் வரை தெரிய நிற்கிறான், திரையின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டு. அவன் உயரம் 170 சென்ரிமீற்றர், விசிடியில் ஏறக்குறைய 260 பிக்சல். மீசையின் தடிப்பு ஒன்றேகால் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று வையுங்கள். கணக்குப் போட்டால் மீசைக்குக் கிடைப்பது இரண்டு பிக்சலுக்கும் குறைவு. இவ்வளவுதான், ஒரு முழுப் படத்தின் கதையைத் தாங்கும் மீசைக்கு.

அந்த இரண்டு பிக்சலும் ஒழுங்காக வருமா என்றால் அதுவும் இல்லை. விசிடி பயன்படுத்தும் எம்பெக்-1 சுருக்கமுறை படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் நுணுக்கமானதைக் குறைத்து, பருமனானதை வைத்துக்கொள்கிறது. முகம் அசையாமல் இருந்தால் பரவாயில்லை. ஆள் திடீரென்று திரும்பினாலோ ஓடினாலோ விநாடிக்குக் கிடைக்கிற 1.15 மெகாபிட் தரவு போதாது, சதுரங்கள் உடைந்து தெரியும். மேலே சொன்ன மனிதனின் தலை, 16 பிக்சல் சதுரங்களில் எண்ணினால், இரண்டே சதுரம் உயரம். அதற்குள்தான் கண், மூக்கு, மீசை, பயம், பொய் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் விசிடியில் ஆள் ஓடும்போது மூக்குக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பட்டை, அவ்வளவுதான். மீசையா, நிழலா, சதுரத்தின் ஓரமா என்று சொல்ல முடியாது. அப்பா திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“உதில ஒண்டும் தெரியேல்ல தம்பி. அந்தாளின்ர முகத்தையெல்லே பார்க்கோணும்” என்பார். சொல்லிவிட்டு முகம் தெரிந்ததுபோலவே சிரிப்பார்.

டிவிடி வந்தபோது இந்தக் குறை தீர்ந்திருக்க வேண்டும். 720க்கு 576 பிக்சல், அதாவது விசிடியைப் போல் நாலு மடங்கு புள்ளிகள். எம்பெக்-2 சுருக்கம். ஒரு படம் ஒரு தட்டில் என்று ஒழுங்காகச் செய்தால் மீசைக்கு நாலு பிக்சலுக்குக் கிட்டக் கிடைக்கும். நாலு பிக்சலில் மீசை மீசையாகவே தெரியும், ஒட்டியதா முளைத்ததா என்ற சந்தேகம்கூட வரும். எங்கள் கைக்கு வந்ததோ மூன்று படம் ஒரு தட்டில். விலை மலிவு, எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 கிகாபைட் இடம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து விநாடிக்கு 4.2 மெகாபிட்டுக்குக் கிட்ட வரும். அதே அளவுள்ள மூன்று படங்களைத் திணித்தால் விநாடிக்கு 1.4 மெகாபிட். விசிடியில் படமும் ஒலியும் சேர்ந்து எவ்வளவு? 1.15உம் 0.22உம், அதாவது அதே 1.4க்குக் கிட்ட. விசிடிக்குக் கிடைத்த அதே தீனியை நாலு மடங்கு புள்ளிகளுக்குப் பங்குபோட்டால் ஒவ்வொன்றும் பட்டினி கிடக்கும். உறையில் டிவிடி என்று எழுதியிருக்கும். உள்ளே விசிடியிலும் பார்க்க மோசமாகச் சதுரம் உடையும். ‘டிவிடியிலும் இப்படித்தான் இருக்கு, அப்ப படமே இப்படித்தான்’ என்று நான் நம்பியது இந்த இடத்தில்தான். என்னைப் போல் எத்தனை பேரோ.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பகிடியின் உயிர் நேரக்கணக்கில் இருக்கிறது. சினிமா விநாடிக்கு 24 சட்டங்களில் (பிரேம்களில்) எடுக்கப்படுகிறது. பால் தொலைக்காட்சி 25 சட்டங்களில் ஓடுகிறது. பால் முறைக்கு மாற்றும்போது சுலபமான வழி, படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் எங்கும் வெட்டப்படவில்லை, எல்லா மௌனங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உருவப்பட்டிருக்கிறது. முதலாளி கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற அந்தக் கணமும் அதில் ஒரு துளி இழந்திருக்கும். கூடவே, திருத்தம் செய்யாவிட்டால் குரலும் ஒரு சுருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயர்ந்துவிடும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தூரத்தில் எழுபது வீதம். கண்ணதாசன் எழுதி எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய, இந்தப் படத்தின் ‘ராகங்கள் பதினாறு’ பாட்டை முதலில் வானொலியில் கேட்டுப் பழகியவர்களுக்குத் தட்டில் கேட்கும்போது எங்கோ இடறும். என்ன என்று சொல்லத் தெரியாது, ஆனால் இடறும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில் வந்த தட்டுகளும் உண்டு. அவற்றில் வேகம் சரியாக இருக்கும், குரலும் சரி. ஆனால் 24 சட்டங்களைத் திரை விநாடிக்கு வீசும் 60 வீச்சுக்குப் பொருத்த ஒரு சட்டத்தை இரண்டு தரமும் அடுத்ததை மூன்று தரமும் காட்டுவார்கள். கமெரா மெல்ல நகரும்போது ஒரு சிறு தடுக்கல் தெரியும். என்னைக் கேட்டால் பகிடிப் படத்துக்கு இந்தத் தடுக்கல் அவ்வளவு பாதகமில்லை, வேகம் கூடுவதுதான் பாதகம்.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கப் படத்தைச் சொல்லாமல் போக முடியாது. மைக் ஜட்ஜ் இயக்கி 1999 பெப்ரவரியில் வந்த ‘ஆஃபிஸ் ஸ்பேஸ்’. கணினிக் கம்பனியொன்றில் சலித்துப்போன ஊழியர்களின் கதை. ஏறக்குறைய 1 கோடி டொலர் செலவு, அமெரிக்கத் தியேட்டர்களில் வசூல் அதைச் சற்றே தாண்டியதோடு சரி. படம் படுத்துவிட்டது என்றுதான் அன்று எல்லோரும் எண்ணினார்கள். பிறகு கசெட்டிலும் டிவிடியிலும் கேபிள் தொலைக்காட்சியிலும் அதை ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், கந்தோர்களில் அதன் வசனங்களைச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுப் பிரதியால் பிழைத்த படம் அது. 2005 இல் சிறப்பு டிவிடியும் பின்னர் புளூ-ரேயும் வந்தன.

அந்தப் படத்திலும் ஒரு சின்னப் பொருள்தான் மையம். ஸ்டீபன் ரூட் நடித்த மில்ற்றன் என்ற ஒதுக்கப்பட்ட ஊழியரின் சிவப்பு ஸ்டேப்ளர். ஸ்விங்லைன் நிறுவனம் அப்போது அந்தச் சிவப்பில் ஸ்டேப்ளர் விற்கவில்லை. படத்துக்காகச் சாயம் பூசினார்கள், சாம்பல் நிறக் கந்தோரில் அந்த ஒரு பொருள் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. படம் வீடுகளில் பரவிய பிறகு ஆட்கள் கேட்கத் தொடங்க, 2002 இல் நிறுவனமே சிவப்பில் விற்பனைக்கு விட்டது. ஒரு பொருளின் நிறம் வீட்டுத் திரையில் தெளிவாகத் தெரிந்ததால் நடந்த காரியம் அது. மூன்றாம் கொப்பிக் கசெட்டில் அந்தச் சிவப்பு மேசை முழுக்க வழிந்திருந்தால் யாருக்கு அதை வாங்கத் தோன்றியிருக்கும்? அங்கே சிவப்பு, இங்கே மீசை.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். கைப்பேசியில் தட்டினால் பழைய படங்கள் ‘எச்டி’ என்றும் ‘4கே’ என்றும் வருகின்றன. அந்தப் பெயர் பாத்திரத்தின் அளவைத்தான் சொல்கிறது, அதற்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பழைய தொலைக்காட்சி நாடாவை எடுத்துப் பெரிதாக்கி 1920க்கு 1080 என்று ஏற்றினாலும் அது எச்டிதான். வித்தியாசம் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்திருக்கத் தேவையில்லை. தலைமயிரைப் பாருங்கள். நெகட்டிவிலிருந்து நேரே ஸ்கேன் செய்ததில் இழைகள் தெரியும், படச்சுருளில் இயல்பாகவே உள்ள நுண்மணிகள் மெல்ல அலையும். நாடாவிலிருந்து பெரிதாக்கியதில் தலை ஒரு கறுப்புத் தொப்பி மாதிரி இருக்கும். சுழல்கிற மின்விசிறியைப் பாருங்கள், அல்லது ஆள் வேகமாகக் கை வீசும் இடத்தை. சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது பழைய தொலைக்காட்சிப் பிரதியின் எச்சம். சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்து வாசிக்கக் கிடைத்தால் நல்ல பிரதி. கந்தோர்ப் படத்தில் சுவர் தோறும் ஏதாவது ஒன்று தொங்கும், ஆகவே சோதிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

இன்னும் இரண்டு ஆபத்துகள் புதிதாக வந்திருக்கின்றன. நுண்மணிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். முகம் மெழுகு பூசியது மாதிரி வழவழப்பாகிவிடும், கண்ணோரச் சுருக்கமும் அதோடு போகும். அந்தச் சுருக்கத்தில்தான் தேங்காய் சீனிவாசன் பாதி நடித்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கூர்மையாக்குவது இதைவிடப் பயமான விஷயம். மங்கலான முகத்தைப் பார்த்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று இயந்திரம் ஊகித்து வரைகிறது. பல்லும் கண்ணும் பளிச்சென்று இருக்கும், ஆனால் அவை அந்த நடிகருடையவை அல்ல. சட்டத்துக்குச் சட்டம் முகம் மாறும். மங்கலான உண்மையான முகம் எனக்குப் போதும், பளிச்சென்ற பொய் முகம் வேண்டாம்.

ஒலியிலும் இதே கூத்து. அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவை ஒற்றைத் தட ஒலியில் வந்தவை. பேச்சு நடுவில் நிற்கும், பின்னணி இசை அதற்கு இடம்விட்டு ஒதுங்கும். அதை ஆறு ஒலிபெருக்கிக்குப் பரப்புகிறோம் என்று எதிரொலி சேர்த்தால் கந்தோர் அறை கலியாண மண்டபமாகிவிடும். இரண்டு பேர் மேசைக்கு இரு பக்கமும் இருந்து பேசுகிற நெருக்கம் போய்விடும்.

மேல்மாடியில் இருக்கிற சிங்கள அக்காவோடு ஒருநாள் இந்தப் படத்தைப் பார்த்தோம். ஆங்கிலத் துணையெழுத்து இருந்தது. நேர்முகப் பரீட்சைக் காட்சி. முதலாளி கேள்வி கேட்கத் தொடங்கியதுமே அக்கா சிரித்துவிட்டார். எங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. பார்த்தால் கேள்வியும் பதிலும் ஒரே சட்டத்தில் இரண்டு வரியாக ஒன்றாக விழுந்திருந்தன. அவர் பதிலை வாசித்து முடித்துவிட்டார், நடிகர் இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த நிமிடம் நாங்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒரே அறையில் ஒரே படத்துக்கு இரண்டு நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். துணையெழுத்து எழுதுபவர் பதிலை ஒரு விநாடி பிந்தித் தனியாகப் போட்டிருந்தால் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்திருப்போம். கொழும்பில் சிங்களத் துணையெழுத்தோடு ஒழுங்கான தமிழ்ப் பகிடிப் படப் பிரதி ஒன்று கிடைத்தால் அதற்கு எத்தனை வீடுகளில் வேலை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நல்ல பிரதி ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டால், பழியைக் கடைக்காரன் தலையில் மட்டும் போட முடியாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கள்ளக் கொப்பியைத் தடுக்கிறது, ஆனால் நல்ல கொப்பியைக் கொண்டுவந்து தராது. நல்லது வேண்டுமானால் நெகட்டிவுக்குப் போக வேண்டும். அந்தக் காலப் படச்சுருள் அசெற்றேற் பிளாஸ்திக்கில் ஆனது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது மெல்லச் சிதைந்து அசெற்றிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் வினாகிரி மணம். சுருள் சுருங்கி நெளியும். ஒன்றில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். குளிரான, உலர்ந்த அறையில் வைத்தால்தான் பிழைக்கும். சென்னையிலும் சரி கொழும்பிலும் சரி, அப்படி ஓர் அறையை வருடக் கணக்கில் பராமரிப்பது பணக்காரியம். நெகட்டிவ் ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை இன்னொருவரிடம், வீடியோ உரிமை வேறொருவரிடம் என்று பிரிந்து கிடந்தால் செலவழிக்க யார் முன்வருவார்கள்?

இருந்தும் செய்தால் பலன் இருக்கிறது. 1964 இல் வந்த ‘கர்ணன்’ 2012 இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டர்களில் நன்றாக ஓடியது. சரித்திர, புராணப் படங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது, பிரமாண்டம் இருக்கிறதல்லவா. பகிடிப் படத்துக்கு அது எதற்கு, சும்மா சிரிக்கிறதுதானே என்கிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. தேரும் படையும் மங்கலாகத் தெரிந்தாலும் தேர்தான், படைதான். மீசை மங்கினால் படமே இல்லை. புதுப்பிக்க ஒரே ஒரு படத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் கந்தோர்ப் பகிடியைத்தான் முதலில் கொடுப்பேன்.

இழப்பு என்றால் என்ன என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படங்களின் நெகட்டிவுகளும் எரிந்தன. ஒரு தமிழர் நடத்திய ஸ்ரூடியோ, எரிந்தவற்றில் பல சிங்களப் படங்கள். அதன் பிறகு எந்தக் கொப்பி எஞ்சியதோ அதுவே மூலம் என்றாகிவிட்டது. ஆகவே வீட்டில் கிடக்கும் கசெட்டை யாரும் எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன், குறிப்பாக உள்ளூர்ப் படமோ ரூபவாஹினியில் பதிந்த நாடகமோ என்றால். பூஞ்சணம் பிடித்த நாடாவை டெக்கில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பூஞ்சணம் டெக்கின் வாசிப்புத் தலையில் ஒட்டி, அடுத்த நாடாவுக்கும் ஏறும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்கும் காலம் அதிகமில்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 இல் டெக் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் ஒவ்வொன்றும் பழையதுதான்.

போன மாதம், முன்பு கிடைத்தவற்றைவிட எவ்வளவோ மேலான ஒரு பிரதியில் ‘தில்லு முல்லு’வை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 24 சட்டம், ஒற்றைத் தட ஒலி, முகம் முகமாகத் தெரிந்தது. அப்பா கதிரையை முன்னுக்கு இழுக்கவில்லை, சுவரோடு சாய்ந்தபடியே இருந்தார். நேர்முகப் பரீட்சைக் காட்சியில் ரஜினி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல, மேசைக்கு அப்பால் தேங்காய் சீனிவாசனின் முகம் இளகி வருவதைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா திரையைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப தெரியுதோ?” என்றார். “அந்த இடத்தை இன்னொருக்காப் போடு.”